காரணம் தெரியாத பாரிசவாதமும் பத்து விநாடி ஈ.சி.ஜி.யும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் அண்மையில் வெளியான பாரிசவாதம் பற்றிய கட்டுரையை வாசித்தேன். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய அறிகுறிகளைக் கண்டவுடன் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழைக்க வேண்டும் என்பதும், குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதும் அதில் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால், வழமையான பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பின்னரும் 'இது ஏன் வந்தது' என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மூளைக்குப் போகும் குருதிக்குழாய் அடைபட்டு வரும் பாரிசவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இவ்வகையைச் சேர்ந்தது. அந்த நான்கில் ஒருவராக என் மனைவி இருந்தபடியால், விடுபட்டுப்போன அப்பகுதியைப் பற்றி எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு மாசி மாதம், பெரும்போக அறுவடை முடிந்து வீட்டுக்கு நெல் வந்திருந்த நாள்களில், அவர் முற்றத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு மெல்ல வலப்பக்கமாகச் சரிந்தது. அரிசி மண்ணில் கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, சுளகை நிமிர்த்தவில்லை. என்ன என்று கேட்டபோது வாய் கோணியது, சொல் வரவில்லை. அப்போது அவருக்கு 66 வயது. வைத்தியசாலையில் மூளையை ஸ்கான் செய்தார்கள், குருதிக்கசிவு இல்லை. கழுத்துக் குழாய்களில் அடைப்பு இல்லை. இதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோ பரிசோதனையில் வால்வுகள் நன்றாக இருந்தன. ஈ.சி.ஜி. சீராக இருந்தது. பத்து நாள்களில் பேச்சு ஓரளவு திரும்பியது. நோய்நிர்ணய அட்டையில் காரணம் கண்டறியப்படவில்லை என்று எழுதி, அஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் குளிசையும் தந்து அனுப்பினார்கள். அந்த வரியை வாசித்தபோது எனக்கு ஆறுதலாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காரணம் இல்லையென்றால் நோயும் இல்லை என்று நானாகவே பொருள் கொண்டேன்.

இதயத்தை 24 மணிநேரம் பதிவுசெய்யும் ஹோல்டர் பரிசோதனைக்கு வேறோர் ஊரிலுள்ள வைத்தியசாலையில் நாலு மாதங்கள் கழித்துத் திகதி கிடைத்தது. விடியற்காலைப் பேருந்தில் போய், நெஞ்சில் மின்வாய்களை ஒட்டி, சிறு பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பினோம். அரசாங்கத்தின் மெசின் பழுதாகிவிடும் என்ற பயத்தில் அவர் அன்று முழுவதும் கதிரையைவிட்டு எழவில்லை. அடுப்படிக்குப் போகவில்லை, கிணற்றடிக்குப் போகவில்லை, கோழிகளைக்கூட நானே அடைத்தேன். ஆனி மாதத்துக் காண்டாவனம் போன்ற வெயிலில் வியர்த்து, இரண்டு மின்வாய்கள் கழன்றன. பிளாஸ்டர் வைத்து ஒட்டினேன். என்னென்ன செய்தார் என்று குறித்துவரச் சொல்லித் தந்த தாளில் 'இருந்தார், சாப்பிட்டார், படுத்தார்' என்ற மூன்று சொற்களே இருந்தன. மறுநாள் மறுபடியும் பேருந்து. முடிவு சீராக இருந்தது. அவருடைய வாழ்க்கையில் ஒருநாளும் இல்லாத ஒரு நாளைத்தான் அந்தப் பெட்டி பதிவுசெய்தது.

2024 சித்திரையில் இரண்டாவது பாரிசவாதம் வந்தது. இம்முறை கையும் காலும் நன்றாக இருந்தன. மத்தியானம் சோறு போட்டுக் கொடுத்தேன். கோப்பையின் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இடப்பக்கத்தில் இருந்த பருப்பைத் தொடாமலே, பருப்பு வைக்கவில்லையா என்று கேட்டார். பார்வையின் இடப்பாதி போயிருந்தது. முதலாவது பாரிசவாதம் மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கியது, இரண்டாவது வலப்பக்கத்தின் பின்பகுதியைத் தாக்கியது. இரண்டுக்கும் குருதி கொண்டுபோகும் குழாய்கள் வேறு வேறு. இப்படி வெவ்வேறு குழாய்கள் தனித்தனியே அடைபட்டால், இரண்டுக்கும் மேலே உள்ள பொது இடத்திலிருந்து, அதாவது இதயத்திலிருந்து, குருதிக்கட்டி வந்திருக்கலாம் என்று வைத்தியர்கள் சந்தேகிப்பார்கள். அன்றும் ஈ.சி.ஜி. சீராகவே இருந்தது.

விடுதியில் மூன்றாம் நாள் காலை, இளம் தாதியொருவர் பிறஷர் பார்க்க வந்தார். மின்னியந்திரம் மூன்று தரமும் பிழை என்று காட்டியது. வேறு யாராயினும் பற்றரியைக் குறைசொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்கள். அவர் இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து, சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் நின்றார். பின்பு ஒன்றும் சொல்லாமல் போய் ஈ.சி.ஜி. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏற்றியல் பிப்ரிலேசன், அதாவது இதயத்தின் சோணையறை நடுக்கம், கடதாசியில் பதிந்தது. பின்னேரம் இருதய நோய் நிபுணர் வந்து பார்த்தபோது அது போய்விட்டிருந்தது. நாடி பழையபடி ஒழுங்காக அடித்தது. காலையில் எடுத்த அந்தக் கடதாசி மட்டும் இல்லாதிருந்தால், மீண்டும் காரணம் கண்டறியப்படவில்லை என்ற அட்டையுடன்தான் வீட்டுக்கு வந்திருப்போம்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தபாற்கந்தோரில் வேலை செய்தவன். தந்தி இருந்த காலம் எனக்குத் தெரியும். தந்தி எந்த நேரமும் வரலாம் என்றிருக்கும் கந்தோரில், காலையில் பத்து விநாடி மட்டும் காதைக் கொடுத்துவிட்டு, இன்று தந்தி எதுவும் இல்லை என்று பதிவேட்டில் எழுதும் ஊழியரை நான் வேலையில் வைத்திருக்க மாட்டேன். வழமையான ஈ.சி.ஜி. பதிவுசெய்வது ஏறத்தாழ பத்து விநாடிகளை. ஒரு நாளில் 86,400 விநாடிகள் இருக்கின்றன. மாரடைப்பைக் காண்பதற்கு அந்தப் பத்து விநாடி பெரும்பாலும் உதவும். வந்து வந்து போகும் நடுக்கத்தைப் பிடிப்பதற்கு அது போதாது. 24 மணிநேரப் பதிவும், வாரக்கணக்கில் ஒருமுறை வரும் ஒன்றைப் பொறுத்தவரை, சற்று நீண்ட பத்து விநாடியே.

இந்த நடுக்கம் என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒழுங்கான இதயத்தில் மேலேயுள்ள சோணையறைகள் சுருங்கிக் குருதியைக் கீழேயுள்ள இதயவறைகளுக்குத் தள்ளுகின்றன. நடுக்கத்தின்போது நிமிடத்துக்கு 300க்கும் மேற்பட்ட குழம்பிய மின்துடிப்புகள் சோணையறையில் ஓடுவதால், அது சுருங்காமல் வெறுமனே துடிக்கிறது. இடது சோணையறையின் ஓரத்தில் சிறு பை போன்ற ஒரு பகுதி உண்டு. குளத்தின் ஒதுங்கிய மூலையில் ஓட்டமில்லாத நீர் பாசி பிடிப்பதுபோல், அப்பையில் தேங்கும் குருதி உறைந்து கட்டியாகிறது. அக்கட்டி கழன்று புறப்பட்டால் நேரே மூளைக்குப் போக வழி திறந்திருக்கிறது. நடுக்கம் உள்ளவருக்குப் பாரிசவாதம் வரும் ஆபத்து இல்லாதவரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், ஆகவே நோயாளிக்கே தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். என் மனைவிக்கு அன்று காலை எதுவும் தெரியவில்லை. தேநீருக்குச் சீனி போதாது என்பதுதான் அவருடைய முறைப்பாடு.

என் மூத்த மகள் கனடாவில் தாதியாக இருக்கிறாள். அவள் அனுப்பிய ஆய்வுக் கட்டுரைகளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். 2014ஆம் ஆண்டு இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. கனடாவில் நடந்த எம்பிரேஸ் ஆய்வில், காரணம் தெரியாத பாரிசவாதமோ அதன் முன்னெச்சரிக்கைத் தாக்கமோ வந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 572 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 30 நாள்கள் நெஞ்சில் பட்டி கட்டியும், மற்றையோருக்கு மேலும் ஒரு 24 மணிநேரம் ஹோல்டர் வைத்தும் பார்த்தார்கள். 30 விநாடியோ அதற்கு மேலோ நீடித்த நடுக்கம், பட்டி கட்டியவர்களில் நூற்றுக்கு 16 பேரிடமும், ஹோல்டர் வைத்தவர்களில் நூற்றுக்கு 3 பேரிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. கிறிஸ்டல் ஏ.எவ். என்ற மற்றைய ஆய்வில், 441 பேரில் பாதிப்பேருக்குத் தோலின் கீழ் சிறு பதிகருவியை வைத்தார்கள். ஒரு வருட முடிவில் கருவி வைத்தவர்களில் 12.4 வீதமானோரிடமும், வழமையான முறையில் பார்க்கப்பட்டவர்களில் 2 வீதமானோரிடமும் நடுக்கம் தெரியவந்தது. மூன்று வருடங்களில் அது 30 வீதமும் 3 வீதமுமாக விரிந்தது. அந்த முதல் வருடத்தில் நடுக்கம் முதன்முதலாகப் பிடிபடுவதற்கு எடுத்த காலத்தின் நடு அளவு 84 நாள்கள் என்பதையும், பிடிபட்ட முதல் நடுக்கங்களில் பெரும்பாலானவற்றை நோயாளி உணரவே இல்லை என்பதையும் வாசித்தபோது, கதிரையில் அசையாமல் இருந்த அந்த ஒரு நாள் என் நினைவுக்கு வந்தது.

கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பது நியாயமான கேள்வி. இவ்வாய்வுகள் எண்ணியது கண்டுபிடிக்கப்பட்ட நடுக்கங்களையே, தடுக்கப்பட்ட பாரிசவாதங்களையல்ல. ஆயினும் நடுக்கம் உறுதியானால் சிகிச்சை மாறுகிறது. 1993இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், சிறு பாரிசவாதம் வந்து, கூடவே நடுக்கமும் இருந்தவர்களுக்குக் குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது, மறுபடி பாரிசவாதம் வருவது ஆண்டுக்கு நூற்றுக்கு 12 என்ற அளவிலிருந்து 4 ஆகக் குறைந்தது. அஸ்பிரினால் இந்தப் பாதுகாப்பைத் தர முடியாது. அப்படியானால் தேடி அலையாமல், காரணம் தெரியாத எல்லோருக்கும் அம்மருந்தையே கொடுத்துவிடலாமே என்று என்னைப் போலவே வைத்தியர்களும் யோசித்திருக்கிறார்கள். 7,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில் குருதி உறைதலைத் தடுக்கும் ரிவறொக்சபான் என்ற புதிய மருந்து அஸ்பிரினைவிடப் பாரிசவாதத்தைக் குறைக்கவில்லை, குருதிக்கசிவைத்தான் கூட்டியது. ஆகவே யாருக்கு நடுக்கம் உண்டு என்று தேடுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

இதிலிருந்து வன்னியில் வயது போனவர்களுக்கெல்லாம் கருவி பொருத்த வேண்டும் என்று நான் கேட்பதாக யாரும் கொள்ள வேண்டாம். டென்மார்க்கில் 70 வயதை எட்டிய, ஆபத்துக் காரணிகள் கொண்ட 6,004 பேரை வைத்து நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், தோலின் கீழ் வைத்த கருவி நடுக்கத்தை ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதலாகக் கண்டுபிடித்தது; ஆனால் பாரிசவாதம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பணமும் ஆளணியும் குறைந்த எமது பகுதியில் முதலில் பார்க்க வேண்டியவர்கள், ஏற்கெனவே பாரிசவாதம் வந்து காரணம் தெரியாமல் இருப்பவர்களே.

தோலின் கீழ் வைக்கும் கருவி விரலின் ஒரு கணுவளவே இருக்கும், மூன்று வருடங்களோ அதற்கு மேலோ பதிவுசெய்யும்; ஆயினும் அதன் விலையைக் கேட்ட எவரும் மாவட்ட வைத்தியசாலைக்கு அதைக் கேட்டு எழுத மாட்டார். நடுவழி ஒன்று உண்டு. நெஞ்சில் ஒட்டி ஏழு நாளோ பதினான்கு நாளோ பதிவுசெய்யும் சிறு பதிகருவிகள் இப்போது இருக்கின்றன. நோயாளி நடமாடலாம், பலவற்றோடு அளவாகக் குளிக்கவும் முடியும். பங்குனி, சித்திரையில் இரண்டு நேரமும் கிணற்றில் அள்ளிக் குளித்துப் பழகிய எங்கள் சனத்துக்கு அது சிறிய விடயமன்று. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மொன்டானாவில் நோர்மன் ஹோல்டர் முதன்முதலாகத் தன் கருவியைச் சோதித்தபோது அது முதுகில் சுமக்கும் 38 கிலோ மூட்டையாக இருந்ததாம். அரை மூட்டை நெல்லின் கனம். அது இன்று நெஞ்சில் ஒட்டும் அளவுக்குச் சிறுத்துவிட்ட பின்பும், வன்னி நோயாளியின் சுமை பேருந்துப் பயணமாக அப்படியே இருக்கிறது.

இதில்தான் என் முக்கியமான கோரிக்கை இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் இத்தகைய பதிகருவிகள் சிலவேனும் இருக்க வேண்டும். அவற்றை ஒட்டவும் கழற்றவும் பயிற்றப்பட்ட ஈ.சி.ஜி. பதிவாளர் போதும். பதிவை வாசிப்பதற்கு இருதய நோய் நிபுணர் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டியதில்லை. நிபுணர் இருக்கும் வைத்தியசாலைக்குப் பதிவைக் கணினி வழியே அனுப்பலாம். பதிவு பயணம் செய்யட்டும், நோயாளி வீட்டில் இருக்கட்டும். ஆயுள் முழுவதும் அடுத்தவர் கடிதத்தை ஊர்விட்டு ஊர் அனுப்பிய எனக்கு இதில் நடக்க முடியாதது எதுவும் தெரியவில்லை. புலம்பெயர்ந்த எமது உறவுகளும் ஊர்ச் சங்கங்களும் வைத்தியசாலைகளுக்குக் கருவிகள் வாங்கிக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் ஒரு சொல். கருவியோடு நின்றுவிடாமல், ஒட்டும் மின்வாய்கள், பற்றரிகள், பதிவை வாசிக்கும் மென்பொருள், பழுதுபார்க்கும் ஒப்பந்தம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். திறப்புவிழாப் படத்தோடு அலுமாரிக்குள் போன இயந்திரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கருவி வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்றில்லை. மாதாந்தக் கிளினிக்குக்கு வரும் பாரிசவாத நோயாளர் ஒவ்வொருவரின் நாடியையும் ஒரு முழு நிமிடம் கையால் பிடித்துப் பார்க்கலாம். நாடி பிடிப்பது எமக்குப் புதிதா என்ன? எங்கள் ஊர்ப் பரியாரியார் மணிக்கட்டைப் பிடித்தாரென்றால் கண்ணை மூடிக்கொள்வார், வாசலில் காத்திருப்பவர்கள் இருமினாலும் திறக்க மாட்டார். மழை விட்டபின் கிடுகுக் கூரையிலிருந்து விழும் சொட்டுகளைப்போல், விரைந்தும் தயங்கியும் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் அடிக்கும் நாடியைக் கண்டால், அந்த நிமிடமே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்; திகதி கொடுத்துப் பின்பு வரச்சொன்னால் அது போய்விடும். பிறஷர் இயந்திரம் திரும்பத் திரும்பப் பிழை காட்டினால், இயந்திரத்தைச் சந்தேகிக்கும் முன் நாடியைத் தொட்டுப் பார்ப்பதும் நல்லது. அதுபோல, நோய்நிர்ணய அட்டையில் காரணம் கண்டறியப்படவில்லை என்று எழுதும் வைத்தியர்கள், இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதினால், அடுத்த கிளினிக்கில் இருக்கும் வைத்தியர் தேடலை அங்கிருந்து தொடர்வார். இப்போது அந்த அட்டை தேடலை மூடிவைக்கும் முத்திரையாக இருக்கிறது.

என் மனைவி இப்போது குருதி உறைதலைத் தடுக்கும் வாபரின் எடுக்கிறார். மாதாமாதம் குருதி பரிசோதித்து, குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். முருங்கையிலையும் வல்லாரையும் மருந்தின் வேலையைக் குறைக்கும் என்று கேட்டு முதலில் கீரையையே நிறுத்திவிட்டார். நிறுத்தத் தேவையில்லை, ஒருநாள் சட்டி நிறைய, ஒருவாரம் ஒன்றுமில்லை என்றில்லாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்று கிளினிக்கில் விளக்கினார்கள். இன்றுவரை மூன்றாவது பாரிசவாதம் வரவில்லை. பார்வையின் இடப்பாதி திரும்பவுமில்லை.

எவரையும் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. நாம் காட்டிய வைத்தியர்கள் தங்கள் கையிலிருந்த கருவியால் பார்க்கக்கூடியதைப் பார்த்தார்கள். தங்களிடம் நான் கேட்பது இது. எமது நான்கு மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் இயங்கும் நிலையில் எத்தனை ஹோல்டர் கருவிகள் உள்ளன, அவற்றில் 24 மணிநேரத்துக்கு மேல் பதிவுசெய்யக்கூடியவை எத்தனை, பாரிசவாத நோயாளி ஒருவர் அதற்காக எத்தனை நாள் காத்திருக்கிறார் ஆகிய மூன்று கேள்விகளையும் தங்கள் செய்தியாளர்கள் மூலம் கேட்டு, கிடைக்கும் விடைகளை இதே பக்கத்தில் வெளியிட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.